கைராசிக்காரி மேல் விழுந்த சிவப்புக் கட்டம்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள் நான். எனக்கு யார் மேலும் லேசில் நம்பிக்கை வராது. ஆனால் எங்கள் கடையில் புடவை காட்டுகிற தைலம்மாளை எவனாவது தப்பாகப் பேசினால் பற்றிக்கொண்டு வரும்.

கருணாபுரத்துக்காரி அவள். புருஷன் விட்டுவிட்டுப் போனவன் போனவன்தான். பெற்ற பிள்ளையும் தங்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கைராசி! அவள் கையால் வாங்கிய கூறைப்புடவையைக் கட்டிய பெண் அமோகமாக வாழ்கிறாள் என்று ரிஷிவந்தியத்தில் யாரோ சொல்லிவைக்க, அந்தப் பேச்சு கல்வராயன் மலை வரைக்கும் ஏறிவிட்டது. எந்தக் கவுண்டரில் புடவை எடுத்தாலும் அதைத் தைலம்மாளிடம் கொடுத்து, அவள் கையால் திரும்ப வாங்கிக்கொண்டுதான் என்னிடம் வருவார்கள். பில் என்னவோ புடவை காட்டியவள் பேரில்தான் விழும். தைலம்மாளுக்கு அந்தப் பேர் ஒன்றே போதும். அதை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

இந்தத் தீபாவளிக்கு முதலாளியின் மருமகன் தனசேகரன் கடை முழுக்க கேமரா மாட்டினான். எங்கே நெரிசல், எந்தக் கவுண்டருக்கு ஆள் வேண்டும் என்பதெல்லாம் மாடியில் இருக்கிற திரையில் தெரியும். நல்லதுதான், பில் வரிசை குறைந்ததை நானே பார்த்தேன். ஆனால் ஒரு கவுண்டர் புடவை பில் ஆகாமல் இன்னொரு கவுண்டருக்குப் போனால், அதை வாங்கியவள் மேல் திரையில் சிவப்புக் கட்டம் விழும் என்றானே, அப்போதே எனக்கு அது பிடிக்கவில்லை. கூட்டத்தைப் பார்க்க வந்த மிஷினா, எங்களை வேவு பார்க்க வந்த மிஷினா?

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, கடையில் கால் வைக்க இடமில்லை. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மலையிலிருந்து பெரியநாயகி வந்திருந்தாள். பக்கத்துக் கவுண்டரில் எடுத்த கூறைப்புடவையைத் தைலம்மாளிடம் நீட்டினாள். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் தனசேகரன் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான்.

"இன்னா தைலம்மா, காலைலேர்ந்து உங்கிட்டயே சிவப்பு விழுது? உன் பேர்ல பில்லே காணோம். புடவையெல்லாம் எங்க போவுது? பையத் தொற!"

"கைராசின்னு குடுக்கறாங்க சார்..."

"ராசியாவது ஒண்ணாவது! தொறன்னா தொற."

எனக்கு வந்ததே கோபம்! "இன்னா சார் இது? அந்தப் புடவைங்களுக்கெல்லாம் நான்தான பில்லு போட்டுக்கினு கீறேன். என்னக் கேளுங்க!" என்று கத்தினேன். அவன் காதில் வாங்கவே இல்லை. அத்தனை பேர் பார்க்கப் பையைக் கவிழ்த்தான். சோற்று டப்பாவும் சீப்பும்தான் விழுந்தன.

பிறகு மாடிக்குப் போய் என் பில்களோடு ஒத்துப் பார்த்தான். ஒரு புடவை குறையவில்லை. "சரி சரி, வேலையப் பாரு, கூட்டம் நிக்குது," என்றான். தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னானா, பாவி!

தைலம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு புடவையைப் பெரியநாயகியிடம் நீட்டினாள். பெரியநாயகி கை நீட்டவில்லை.

"நீ எடுத்தன்னு நான் சொல்லலம்மா. ஆனா நல்ல காரியம் பாரு... சந்தேகம் பட்ட கை," என்று இழுத்தவள், பக்கத்துக் கவுண்டர் பெண்ணைப் பார்த்து, "நீயே குடுத்துடும்மா," என்றாள்.

அடுத்து வந்தவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. வாய் நிறையச் சிரிப்போடு ஒரு கூறைப்புடவையை நீட்டினாள். தைலம்மாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேற யாரு கையாலனா வாங்கிக்கம்மா," என்றாள்.