வெளியூர் ஆட்டத்தில் ஒரு புள்ளி

என் கால் எங்கே இருக்கிறது என்பதைக் குனிந்து பார்க்காமல் என்னால் ஏன் சொல்ல முடியவில்லை?

ஐப்பசி மாதக் காலை ஒன்றில் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. நிலாவெளியிலிருந்து பேருந்தில் திருகோணமலை நகருக்கு வந்து, தரிப்பிடத்திலிருந்து அலுவலகம்வரை நடந்திருந்தேன். வாசலில் நின்ற சக உத்தியோகத்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேர், மற்றச் செருப்பை ஆருக்குக் குடுத்திட்டு வாறீங்கள்?"

இடது கால் வெறுமையாக இருந்தது. செருப்பு பேருந்திலேயே கழன்றிருக்க வேண்டும். சல்லிக்கல் பரவிய வீதியில் அப்படியே நடந்து வந்திருக்கிறேன். கால் எனக்கு எதையும் அறிவிக்கவில்லை. இருவரும் சிரித்தோம். அன்று பின்னேரம் கதிரையிலிருந்து எழ முயன்றபோது முழங்கால்கள் மடிந்தன.

வைத்தியசாலையில் இளம் வைத்தியர் ஒருவர் சிறு ரப்பர்ச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவில்லை. மறுகாலிலும் தட்டிவிட்டு, அண்மையில் வயிற்றோட்டம் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

நோயின் பெயர் கியான்-பாரே (கிருமியை எதிர்த்துப் போரிட்ட உடலின் காவற்படை, போர் முடிந்த பின் தவறுதலாகச் சொந்த நரம்புகளின் உறையைத் தாக்கும் நிலை). முள்ளந்தண்டு நீரை எடுத்துச் சோதித்து அதை உறுதிசெய்தார்கள். பிறகு இம்யூனோகுளோபுலின் (நலமான பலரின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் எதிர்ப்புரதம்) நாளம் வழியே ஏற்றினார்கள். அந்தக் கண்ணாடிப் போத்தலைப் பார்த்தபடி, இதைத் தந்தவர்கள் எந்த ஊரார், என்ன மொழி பேசுவோர் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். ஒரு நாட்டுக்குள்ளே பகிர முடியாமற்போன எத்தனையோ விடயங்களைச் சமூகசேவை உத்தியோகத்தனாக நான் கண்டிருக்கிறேன். இது மட்டும் பெயர் கேட்காமல் வந்து சேர்ந்திருந்தது.

காலையும் மாலையும் ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்வார்கள். நோய் மூச்சுத் தசைகளை நோக்கி ஏறுகிறதா என்று அறியும் எளிய வழி அது. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை குறைந்தது. பிறகு ஒரு நாள் குறையாமல் நின்றது. என் அக்கா அப்போதுதான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தார்.

"கால் திரும்பி வருமா, டொக்டர்?"

"பெரும்பாலும் வரும். எப்ப எண்டு மட்டும் கேக்காதீங்க. நரம்பு தன்ட வேகத்திலதான் வளரும்."

நிலாவெளியில் அக்கா வீட்டிலேயே நான் வசிக்கிறேன். அக்கா பாடசாலை ஆசிரியை. மெலிந்தவர், என்னைத் தூக்க அவரால் ஏலாது. அக்காவின் கணவர், நான் அத்தான் என்று அழைப்பவர், கரைவலைத் தொழிலாளி. கடலில் வளைத்துப் போட்ட வலையை இரு முனைகளிலும் கயிறு பற்றிக் கரைக்கு இழுக்கும் தொழில் அது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் வலை இறங்காது. நான் வீடு திரும்பியது அந்தக் காலத்தில்தான். ஆகவே கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து கழிப்பறைக்கும் என்னைச் சுமந்தவர் அவர்.

இதில் ஒரு கெடு இருந்தது. பங்குனியில் கடல் அடங்கும். அன்று கயிற்றடியில் நிற்காதவரின் இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுவார். அந்தப் பருவம் முழுவதும் அது புதிதாக வந்தவருடையதுதான்.  இதைப் பற்றி அத்தான் அக்காவிடம் சொன்னது குசினியிலிருந்து எனக்குக் கேட்டது.

"தம்பி எழும்பாட்டி நான் போகேல்ல. அவ்வளவுதான். இதில கதைக்க என்ன இருக்கு."

கடல் அடங்குமுன் நான் தனியே எழுந்து கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். என் நோயின் முழு அர்த்தமும் அந்தக் குறுகிய பாதையாகச் சுருங்கிற்று.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது கானா நாட்டின் உதைபந்தாட்ட லீக். அதற்குக் காரணம் கோஃபி. சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதிக் கழகமொன்றுக்கு ஒப்பந்தத்தில் விளையாட வந்த பின்கள வீரர் அவர். காலையில் நிலாவெளிக் கடற்கரையில் ஓடுவார். ஒரு நாள் ஓட்டத்தை நிறுத்தி, கேளாமலே கரைவலைக் கயிற்றைப் பிடித்தாராம். பிடித்த விதத்திலேயே அத்தானுக்கு விளங்கிவிட்டது: இவன் கடற்கரைப் பிள்ளை. கானாவின் கரையிலும் இதே மாதிரி வலையைப் பாட்டுப் பாடி இழுப்பார்கள் என்பதைப் பிறகு அறிந்தோம்.

கோஃபி நாடு திரும்பி, அங்கே ஒரு துறைமுக நகரத்தின் கழகத்தில் சேர்ந்திருந்தார். அவர் அத்தானுக்குக் குரற்பதிவுகள் அனுப்புவார். அதில் இழு, விடு, சோறு என்ற மூன்று தமிழ்ச் சொற்களைத் தவிர எல்லாம் ஆங்கிலம். மொழிபெயர்ப்பது என் வேலை. ஆட்டங்கள் அங்கே பின்னேரம் நடக்கும். இங்கே இராச்சாப்பாட்டு வேளை. கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு மூவரும் பார்ப்போம்.

மார்கழியில் ஒரு நாள் திரை முழுவதும் மங்கிக் கிடந்தது. அத்தான் இடுப்பில் கட்டிய சாரத்தின் நுனியால் கைபேசியைத் துடைத்தார். மங்கல் போகவில்லை. கோஃபியிடம் கேட்டபோது, அது பாலைவனத்திலிருந்து வரும் காற்று, தூசியைச் சுமந்து வந்து உதட்டை வெடிக்கச் செய்யும் என்றார். வெளியே எங்கள் வாடை மழையை ஓட்டில் அறைந்துகொண்டிருந்தது.

"அவனுக்கும் எங்களுக்கும் ஒரே மாசம் காத்து வருது," என்றார் அத்தான். "அவனுக்குக் காயுது, எங்களுக்கு நனையுது. ஆர் இதைப் பிரிச்சுக் குடுத்தது?"

எனக்கு விளங்காதது வேறொன்று. புள்ளிப் பட்டியலைப் பார்த்தால், சொந்த மைதானத்தில் ஏறத்தாழ எல்லாக் கழகமும் வென்றது. வெளியூருக்குப் போனால் தோற்றது, அல்லது சமநிலை. ஏன் என்று கேட்டுப் பதிவு அனுப்பினேன். கோஃபியின் பதில் நீளமாக வந்தது. நாள் முழுவதும் பேருந்துப் பயணம். இறங்கும்போது கால் வீங்கியிருக்கும். புல் வேறு, பந்து எகிறும் விதம் வேறு, கத்துகிற சனம் வேறு. அங்கே போய் வெல்ல முயன்று முதற்பாதியிலேயே களைத்தவர்கள் இரண்டாம் பாதியில் வாங்கிக் கட்டுவார்கள். எங்கள் பயிற்றுநர் வெளியூரில் சமநிலைக்குரிய ஒரு புள்ளிதான் கேட்பார், அதை வாங்கிக்கொண்டு வீடு வந்தால் போதும் என்றார்.

அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. "வெல்லுற எண்ணமில்லாட்டி ஏன் பஸ் ஏறுறான்? ஆக்களுக்கு முன்னால விளையாட வெக்கமில்லையா?"

"நீங்கள் போய் வெண்டு குடுங்கோவன்," என்றார் அக்கா.

தை பிறந்தபோது என் தொடைகளில் பலம் கொஞ்சம் வந்திருந்தது. நடைச்சட்டத்தைப் பற்றி நிற்பேன். பாதம் மட்டும் மேலெழாமல் தொங்கும். அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. கரைவலைக்காரர் இடுப்பில் ஒரு வாரைக் கட்டி, அதைக் கயிற்றில் கொளுவி, பின்னுக்குச் சாய்ந்து, பின்புறமாகவே நடந்து இழுப்பார்கள். அந்த வாரை என் இடுப்பில் கட்டினார். கயிற்றின் மறுமுனையை அவர் பிடித்தார். நான் சாய்ந்தேன். கால்கள் பின்னால் நகர்ந்தன. எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

முற்றத்தின் நடுவில், காணும் அத்தான், இவ்வளவு போதும், உட்காரப்போகிறேன் என்றேன்.

"பாதியில விடக் கூடாது, தம்பி. சாய்ஞ்சு வா, சாய்ஞ்சு வா."

கரையில் அது சரியான பேச்சு. வலையைப் பாதியில் நிறுத்தினால் மீன் போய்விடும். மீன் சேரும் வலைமடி மணலில் ஏறும்வரை எவரும் உட்காரார். பிறந்ததிலிருந்து கரைவலை பார்த்தவன் நான். எனக்கும் அது இயல்பாகவே பட்டது. வேலிவரை போனோம். திரும்பியும் வந்தோம். மறுநாளும் அதையே செய்தோம்.

மூன்றாம் நாள் காலை தேநீர்க் கோப்பையைப் பிடிக்க விரல்கள் மறுத்தன. கால்கள் ஐப்பசிக்குத் திரும்பியிருந்தன. அத்தான் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்.  நோய் திரும்பிவிட்டது என்றே இருவரும் நினைத்தோம்.

நோய் திரும்பவில்லை. வைத்தியர் சோதித்துவிட்டு எங்களை இயன்மருத்துவரிடம் (உடற்பயிற்சி வழியாகத் தசைகளை மீட்பவர்) அனுப்பினார். அவர் ரிஸ்வானா மிஸ், கிண்ணியாவைச் சேர்ந்தவர், நான் வைத்தியசாலையில் கிடந்தபோதே எனக்குப் பயிற்சி தந்தவர். நடந்ததைக் கேட்டவர் அத்தானை ஏறிட்டுப் பார்த்தார். அத்தான் நிலத்தைப் பார்த்தார்.

"இவரென்ன சூடை மீனா, கயிறு கட்டி இழுக்கிறதுக்கு?"

"இல்ல மிஸ், நல்லா நடந்தார்..."

"நடப்பார். அதுதான் இந்த வருத்தத்திர கள்ளத்தனம். புது நரம்பு கொஞ்சம்தான் வளந்திருக்கி. அதுக்கு மேல வேல வாங்கினா எல்லாம் படுத்துக்கும். களைச்ச பிறகு இருந்து பலனில்ல. களைக்க முந்தி இரிக்கணும். எத்தின தரம் சொன்ன நான் இவருக்கு?"

பல தரம் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். களைப்பதற்குமுன் உட்காருவதை நான் சோம்பல் என்று எண்ணியிருந்தேனே தவிர, மருந்தென்று எண்ணவில்லை. இதே நோயிலிருந்து மீள்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: முடியும் என்று உடல் சொல்லும்போதே நிறுத்திவிடுங்கள்.

படுத்திருந்த அந்த நாட்களில் கோஃபியின் பழைய பதிவை மறுபடி கேட்டேன். வீங்கிய கால், அறியாத புல், வேறாக எகிறும் பந்து. என் உடம்புதான் நான் இப்போது போயிருக்கும் வெளியூர் என்று தோன்றியது. பிறந்ததிலிருந்து சொந்த மைதானமாக இருந்தது, இந்தப் பருவத்தில் அப்படியில்லை. இங்கே வெல்ல முயல்வது முதற்பாதியோடு முடிந்துவிடும். அத்தானிடம் இதைச் சொன்னேன்.  பின்னேரம் வெளியே பார்த்தபோது, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவழியில், முற்றத்தில் ஒரு கதிரை இருந்தது. வாரையும் கயிற்றையும் காணவில்லை.

அதன்பின் அந்தக் கதிரைவரைதான் போனேன். உட்கார்ந்தேன். திரும்பினேன். சில நாட்களில் கட்டிலின் ஓரத்தில் எழுந்து நிற்பதோடு முடிந்தது. அக்கா பாடசாலையால் வந்ததும் கேட்பார், இண்டைக்கு என்ன முடிவு என்று. சமநிலை என்பேன்.

பங்குனியில் காற்று ஓய்ந்தது. வலை இறங்கும் அன்று விடியற்காலை, அத்தான் புறப்படாமல் சைக்கிளின் சங்கிலியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். சங்கிலியில் ஒரு குறையும் இல்லை. நான் நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்தேன். கதிரைவரை போனேன். களைப்பு இல்லை, ஆனாலும் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய முதுகு தெரிந்தது, அவர் திரும்பவில்லை. எழுந்து மிச்சத்தையும் நடந்து, கதவைச் சாத்தி, வாளிக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் விழும் சத்தத்துக்குப் பிறகு சைக்கிள் வேலிப் படலையைக் கடந்து போகும் சத்தம் கேட்டது.

கோஃபியின் கழகம் அந்தப் பருவம் முழுவதும் பட்டியலின் அடியிலேயே தவித்தது. ஆனி மாதம் கடைசி ஆட்டம், வெளியூரில். ஒரு புள்ளி கிடைத்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் லீக்கில் தங்கலாம். அன்று இரவு அத்தான் நண்பர்களுடன் கடற்கரைக் கொட்டிலான வாடியில், விளக்கு வெளிச்சத்தில், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் கைபேசியுடன் ஊன்றுகோலோடு மணலில் இறங்கினேன். வழியில் கவிழ்ந்து கிடந்த வள்ளமொன்றில் ஒருமுறை உட்கார்ந்தேன்.

"வெண்டவங்களா?" என்றார் அத்தான், தலை நிமிராமல்.

"இல்லை. சமநிலை."

அவர் ஊசியில் நூலை இழுத்து முடிச்சிட்டார்.

"காணும்," என்றார்.

இப்போது ஊன்றுகோல் இல்லாமல் அலுவலகம் போகிறேன். இடது பாதம் முழுமையாக எழுவதில்லை. செருப்புக்குப் பதிலாகப் பின்வார் உள்ள காலணி அணிகிறேன். பேருந்துத் தரிப்பிடத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு சீமெந்து வாங்கு இருக்கிறது. களைப்பதற்கு முன்னரே அதில் உட்காருகிறேன்.