தங்கச்சிக்கு இருந்த வருத்தம்

அன்று கோயில் கேணியில் நின்றவர்கள்: அம்மா, மேல்படியில், உலர்ந்த துணியோடு. மாமி, முழங்கால் தண்ணீரில். நான், நடுக்கேணியில். தங்கச்சி, எனக்குப் பின்னால். எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஒன்பது. அக்கரைக்கு யார் முதலில் போவது என்று போட்டி வைத்தது நான். போய்ச் சேர்ந்து கை தட்டிக்கொண்டு திரும்பினேன். அவள் நீந்தவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. மாமிதான் பாய்ந்து இழுத்தார். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள். அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு எனக்கு அறைந்தார். அடி நோகவில்லை. அந்த மடிதான் நொந்தது.

"தண்ணியிலை ஏதோ கண்டு பயந்திட்டாள்" என்று அம்மா அவளுக்குக் கோயிலில் நூல் கட்டுவித்தார். அதன் பிறகு அவளைக் கிணற்றடிக்கு விடவில்லை, வெங்காயத் தோட்டத்துக்கும் விடவில்லை. அவளுடைய வாளியும் என் கைக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அவள் நிழலில் இருந்து படித்தாள். மீன் சினை அவளுக்கு. என்னைக் காட்டி, "உவள் இரும்பு, உவளுக்கு ஒண்டும் வராது" என்று அம்மா ஆட்களுக்குச் சொல்வார். ஒருநாள் நானும் கிணற்றடியில் மயங்கி விழுந்தவள் போலக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அம்மா வந்து பார்த்தார். "எழும்பு, சட்டையிலை சேறு பிரளுது" என்றார்.

தங்கச்சி ஆசிரியை ஆனாள். போன வருடம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஆசிரியர்களுக்கும் ஓட்டம் வைத்தார்கள். பாதியில் விழுந்தாள். இந்த முறை நூல் கட்டவில்லை. இரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மறுமொழி வந்ததும் டொக்டர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார்.

"இதயத்தின்ரை கலங்களிலை பொட்டாசியம் வெளியிலை போக வாசல்கள் இருக்கு" என்றார். "ஓடேக்கை, நீந்தேக்கை, கெதியாத் திற எண்டு வாசலுக்குக் கட்டளை வரும். கட்டளை கொண்டு வாற ஆளை வாசலுக்குப் பக்கத்திலை பிடிச்சு வைச்சிருக்கிறது ஒரு புரதம். தங்கச்சிக்கு வாசல் பழுதில்லை. பிடிச்சு வைக்கிற புரதம்தான் பழுது. கட்டளை போய்ச் சேருதில்லை. அதாலை ஓடேக்கை துடிப்பு அடங்கப் பிந்தி, மயங்கி விழுறா."

அம்மா வாசலைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். பிடித்து வைத்திருப்பதைப் பற்றி நான் கேட்டேன். "அது தண்ணியிலை பயந்து பழுதானதோ, டொக்டர்?"

"இல்லை அக்கா. பிறக்கேக்கையே வந்தது. உங்களுக்கும் இருக்கலாம். பாப்பம்."

இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இருந்தால் அம்மா என்ன சொல்வார் என்று பார்க்க ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

எனக்கும் அம்மாவுக்கும் இரத்தம் எடுத்தார்கள். சில கிழமை கழித்து மூன்று பேருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். முடிவுக்காக வெளியில் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி சொன்னாள்: "அக்கா, நீ அக்கரையிலை ஏறி நிண்டு கை தட்டினனீ எல்லே. அண்டையிலை இருந்து உன்னிலை எனக்கு எரிச்சல்."

"உனக்கோ?"

"ஓம். நீ வாளியோடை ஓடுவாய். நான் யன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு இருப்பன்."

என்னிடம் சொந்தமாக இருந்தது அந்த எரிச்சல் ஒன்றுதான். அதிலும் பங்கு கேட்கிறாள் என்று தோன்றியது.

டொக்டர் தாள்களோடு வந்தார். ஒரு துடிப்பு அடங்க எடுக்கும் நேரத்தை மில்லி செக்கனில் எழுதியிருந்தார். நானூற்று அறுபதுக்குக் கீழே என்றால் பயமில்லையாம். அம்மாவுக்கும் அதே வருத்தம், அதே புரதப் பழுது, இருந்தது. அம்மா பயப்படவில்லை. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னட்டை இருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கு" என்றார். இருவருக்கும் ஒரே மூக்கு என்று யாரோ சொன்னதுபோல முகம் மலர்ந்திருந்தது.

"உங்களுக்கு ஒண்டுமில்லை, அக்கா. இரத்தத்திலையும் இல்லை" என்றார் டொக்டர் என்னிடம். "சந்தோசமாப் போங்கோ."

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் அம்மா.

தாளை வாங்கிப் பார்த்தேன். அம்மாவுக்கு நானூற்று எண்பத்தைந்து. தங்கச்சிக்கு ஐந்நூற்று இரண்டு. எனக்கு நானூற்றுப் பத்து.