கேட் விளக்கின் கண்ணாடி

வீட்டு அலங்காரத்துக்கென்று வாங்கிய வெள்ளைக்காரர் காலத்து மாடல் லாந்தரில் மண்ணெண்ணெய் வாசமே இல்லை. இருந்தும் அது என்னை, இன்று சுரங்கப்பாதையாகிவிட்ட சங்கரன்கோவில் ரயில்வே கேட்டுக்கும் அதை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுக்கும் கொண்டுபோனது. அப்பா கேட்கீப்பர். கேட் விளக்கின் திரியை நேராக வெட்டுவது, எண்ணெய் ஊற்றுவது, கண்ணாடியைச் சாம்பலால் துடைப்பது எல்லாம் சாயங்காலம் விளக்கேற்றுமுன் என் வேலை. ஒருநாள் ஏற்றிய பிறகுதான் கரியைப் பார்த்தேன். சூடான கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்க, அது உடைந்தது.

பார்வையிட வந்த அதிகாரி, "என்னவே, குடிச்சிட்டுக் கீழ போட்டீரா?" என்றார்.

பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்க்காமலே அப்பா, "கை தவறிட்டு சார்" என்றார்.

அதிகாரி கேட்டது காதில் விழுந்திருந்த அம்மா, வீட்டுக்கு வந்த அப்பாவை வாசலிலேயே நிறுத்தி, "எங்க, ஊதுங்க பாப்போம்" என்றாள். குடித்தே அறியாத அப்பா ஊதினார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.