வெறும் சாக்கு

செவிலிமேடு பேருந்து நிறுத்தத்தின் அருகே ஒரு பெண் தினமும் கீரை விற்பார். மெலிந்த உடம்பு, மஞ்சள் பூசிய முகம், குரல் மட்டும் பெரியது. பேச்சின் நடுவே கை எப்போதும் கீரை மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும். பெயர் கேட்க எனக்குக் கூச்சம், கேட்டதே இல்லை.

பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, கரையோரம் அவர் போட்டிருந்த கீரை முழுவதையும் மணல் மூடிவிட்டது. வெள்ளம் வடிந்து சில நாள் கழித்து, எப்போதும்போல அவரிடம் கீரை வாங்கப் போனேன். வழக்கமான இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். சாக்கில் ஒரு கட்டுக்கூட இல்லை.

வெளியூர்க் கீரையோடு வந்த தள்ளுவண்டிக்காரர் அவரிடம், “சும்மாதான குந்திக்கினு இருக்கிற? எடத்த எனக்கு வுடுமா,” என்றார்.

“கீரைதான்யா போச்சு. நான் இங்கதான இருக்கறேன்? அந்தாண்ட போய் நில்லு.”

நான் தயங்கிக் கேட்டேன். “விக்க ஒண்ணும் இல்லியே, எதுக்குமா வந்தீங்க?”

“மணல வாரிக் கொட்டிட்டு மறுபடி வெதச்சிட்டேண்ணா. அது மொளச்சி வர்றதுக்குள்ள எடமும் போயிடும், நீயும் வண்டிக்காரனாண்ட பழகிடுவ. அப்புறம் வெளஞ்சத யாருக்கு விக்கறது?”

சொல்லும்போதே கை வெறும் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்தது. அதைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார்.

வண்டியில் முளைக்கீரை பச்சைப்பசேல் என்று இருந்தது. நான் காலிப் பையோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

“கீரைக்காரம்மா வரலியா?” என்று மனைவி கேட்டாள்.

“வந்திருக்காங்க,” என்றேன்.