சனியை முதலில் பார்க்க வேண்டியவள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் நால்வர் சேர்ந்து வானியல் சங்கம் ஒன்றை நடத்தினோம். நான் தாலுகா அலுவலகத்தில் இருந்தேன்; ஆகையால் தொலைநோக்கி வருவதற்கு முன்பே சங்கத்துக்குச் சட்டதிட்டம் வந்துவிட்டது. உறுப்பினர் தகுதி, தலைவர் வராவிட்டால் யார் தலைவர் என்று எல்லாவற்றுக்கும் ஷரத்து எழுதினேன். வானத்தைப் பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

தொலைநோக்கிக்கு வேண்டிய குழியாடியை நாங்களே தேய்ப்பதென்று முடிவானது. மணல் நிரப்பிய தார் பீப்பாயை என் வீட்டுக் கொல்லையில் நிறுத்தி, அதன்மேல் ஒரு கண்ணாடி வட்டைப் பொருத்தி, சாணைப்பொடியும் தண்ணீரும் விட்டு, இன்னொரு வட்டை அதன்மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்ப்பவர் பீப்பாயைச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் குழிவு சீராக விழும். விரைவிலேயே நால்வருக்கும் முதுகுவலி வந்தது. என் மனைவிக்கு வரவில்லை. நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தவள், பிறகு முழுவதையும் தானே தேய்த்தாள்.

பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டுவார்.

"இன்னாம்மா, நவக்கிரகத்த சுத்துற மாதிரி பீப்பாய சுத்திகினு கீற? இன்னாதான் தெரியுமாம் அதுல?"

"சனி தெரியுமாம்க்கா. அதச் சுத்தி வளையம் இருக்குதாம். அதப் பாக்கணும்."

"அடிப்பாவி! சனி நம்ம பக்கம் திரும்பக் கூடாதுன்னு நான் வாராவாரம் எள்ளு வெளக்கு ஏத்திகினு கீறேன். நீ தேடிப் போயி பாக்கப் போறியா?"

"அது எத்தினி வருசமா நம்மளப் பாத்துகினு இருக்குது. நாம ஒரு வாட்டி பாத்தா இன்னா கொறஞ்சிடும்?"

மெருகேற்றும் கட்டத்தில் ஒரு கீறல் விழுந்தது. வாசலில் கோலம் போட்ட கையோடு வந்து தேய்த்திருக்கிறாள். கல்லை இடித்துச் சலித்த கோலப்பொடியில் ஒரு துணுக்கு நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. விளிம்பருகே மயிரிழைபோல ஒரு கோடு. அன்று அவள் சாப்பிடவில்லை. சங்கச் செயலாளரான அறிவியல் ஆசிரியர் குழியாடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதனால பார்வைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. வுட்டுடுங்க."

அவளைத் தேற்றத்தான் அடுத்த கூட்டத்தில் அவர் ஒரு ஷரத்தை முன்மொழிந்தார்: குழியாடியைத் தேய்த்தவரே தொலைநோக்கியில் முதலில் பார்க்க வேண்டும். ஒருமனதாக நிறைவேறியது.

"அப்புறம் மாத்த மாட்டீங்களே?" என்று என்னைக் கேட்டாள்.

"பொதுக்குழு கூடாம மாத்த முடியாது" என்றேன்.

ஒளியைத் திருப்பும் அலுமினியப் பூச்சுப் பூசக் குழியாடி பட்டணத்துக்குப் போயிருந்தபோதுதான் அவள் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. முற்றிவிட்டது என்று மருத்துவர் என்னை மட்டும் வெளியே அழைத்துச் சொன்னார். பூச்சு வேலையை விரைவுபடுத்த முடிந்தது. யாரைப் பார்க்க வேண்டும், எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. குழியாடி வந்தது. சனி வரவில்லை. அது சூரியனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மார்கழி விடியலில்தான் கிழக்கே நன்றாகத் தெரியும் என்றார் ஆசிரியர். ஒரு கிரகத்தை முன்கூட்டி வரவழைக்க எந்த அலுவலகத்திலும் வழியில்லை.

நிலவையாவது காட்டுகிறேன் என்றேன். கட்டிலில் படுத்தபடியே தலையாட்டி மறுத்தாள்.

"சனி வரட்டும். மொதல்ல அதத்தான் பாப்பேன்னு அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

கார்த்திகையில் போய்விட்டாள்.

மார்கழியில் ஒரு விடியற்காலை ஆசிரியர் வந்து அழைத்தார். ஏரிக்கரையில் மற்ற இருவரும் தொலைநோக்கியை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆசிரியர் குழாயைத் திருப்பிக் குறிபார்த்துவிட்டு விலகி நின்றார்.

"நீங்க பாருங்க சார்."

"ஷரத்து இருக்கே" என்றேன்.

யாரும் குனியவில்லை. வானம் சுழல்வதால், பிடித்து வைத்த கிரகம் சற்று நேரத்தில் குழாயைவிட்டு நழுவிவிடும்.

"நகர்ந்துடுச்சு சார்" என்று மறுபடி குறிபார்த்து வைத்தார். மறுபடியும் நகர்ந்தது. கிழக்கு வெளுத்தது. அந்த இருவரில் ஒருவரான சைக்கிள் கடைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயைக் கழற்றினார்.

தெருவில் என் வாசல் தவிர எல்லா வாசலிலும் மார்கழிக் கோலங்கள். பக்கத்து வீட்டம்மா குனிந்து போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா? மெய்யாலுமே வளையம் கீதா?"

"தெரியாதும்மா."

கோலப்பொடியை அள்ளிக்கொண்டு மறுபடி குனிந்தார். தெருவை அடைக்கும் பெரிய கோலம் அது. என் வாசல் தொடங்கும் இடத்தில் கையை நிறுத்திக்கொண்டார்.