மகோகனி மேசைக்கு அடுத்த பெயர்

எங்கள் வீட்டில் அதற்கு டீ டேபிள் என்று பெயர். ஆனால் அதன் மேல் ஒருநாளும் டீ வைத்ததில்லை. வைத்தால் அப்பா கையை ஒடித்துவிடுவார். அமெரிக்க மகோகனி மரம். வளைந்த மூன்று கால், வட்டத் தட்டு. அடியில் இருக்கும் கொக்கியைக் கழற்றினால் மேல் தட்டு நிமிர்ந்து சுவரோரம் நின்றுகொள்ளும். நெய்வேலியில் சுரங்கம் தோண்ட ஆரம்பித்த காலத்தில் ஆலோசனை சொல்ல வந்த ஓர் அமெரிக்க இன்ஜினீயருக்கு அப்பா கார் ஓட்டினார். ஊருக்குத் திரும்பும்போது அவர் கொடுத்துவிட்டுப் போன மேசை அது.

கூடவே ஒரு காகிதமும் கொடுத்திருந்தார். மேசையை எந்த ஊரில் யார் செய்தது, யாருடைய கல்யாணத்துக்குச் செய்தது, பிறகு யார் யார் கைக்கு வந்தது என்று வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்தில். கொடுக்கிறவர் வாங்குகிறவரின் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கமாம். ஆறாவது பெயர் அப்பாவுடையது. பக்கத்தில் டிரைவர் என்று இல்லை, நண்பர் என்று எழுதியிருந்தது. அப்பாவுக்கு மேசையைவிட அந்த ஒரு சொல்தான் சொத்து.

ஏழாவது பெயர் அண்ணனுடையது என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பட்டியலில் இரண்டு பெண்கள் இருக்கிறார்களே என்று ஒருமுறை விரலை வைத்துக் காட்டினேன்.

"அது அவங்க ஊரு பழக்கம். நம்ம வூட்டுல பையன் பேருதான்."

நான் பிறகு காடாம்புலியூர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். இந்து, அதிலும் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. சர்ச்சில் என்னைப் பார்த்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் காகிதத்தில் இனி என் பெயர் வராது என்று தெரிந்தும் ஆசை மட்டும் விடவில்லை. மேசை யாருக்கு வேண்டும்? அவர் தன் கையால் என் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் வெளிநாட்டில் இருந்தான். அம்மா போன மறுவருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் வலது கையும் போயின. அதற்குள் என் வீட்டுக்காரர் பெர்மனென்ட் ஆகியிருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸுக்கே அப்பாவைக் கூட்டி வந்தோம். மேசையும் வந்தது. காகிதம் மடிப்புக்கு மடிப்பு கிழிந்துகொண்டிருந்தது. எனக்குப் பதறியது. மார்க்ஷீட்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நம் ஊரில் என்ன செய்வோமோ அதையே இதற்கும் செய்தேன். வடலூருக்குப் பஸ் பிடித்துப் போய் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன், அறிவுகெட்டவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது இடது கையால் எழுதுவதுபோலச் சைகை காட்டினார். பேனா கொடுத்தேன். காகிதத்தைக் காட்டினார். மடியில் வைத்தேன். தன் பெயருக்குக் கீழே பேனாவை வைத்து அழுத்தினார். வழுக்கியது. உதறிப் பார்த்துவிட்டு வேறு பேனா கேட்டார். அதுவும் வழுக்கியது. பிளாஸ்டிக்கில் மை பிடிக்கவில்லை, கீறல் மட்டும் விழுந்தது. விடாமல் அழுத்தி அழுத்தி ஓர் எழுத்தை முடித்தார். ‘அ’.

நான் கத்தியால் ஓரத்தைப் பிரித்தேன். பிளாஸ்டிக்கோடு காகிதமும் உரிந்து வந்தது. அப்பா என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"மார்க்கர் வாங்கினு வரேங்க மாமா, அதுல எழுதலாம்" என்று என் வீட்டுக்காரர் ஓடினார். அவர் வருவதற்குள் அப்பா களைத்துத் தூங்கிவிட்டார். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிரோடு திரும்பவில்லை.

அடக்கத்துக்கு வந்த அண்ணன் கீறலைத் தடவிப் பார்த்தான். "உன் பேருதான் எழுத வந்திருப்பாரு பாப்பா. மேசைய நீயே வெச்சிக்கோ" என்றான். நல்லவன். ஆனால் அவன் பெயருக்கும் முதல் எழுத்து ‘அ’தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவிடம் கேட்டிருக்கலாம். பேச்சுதான் போயிற்று, தலையாட்டத் தெரியும் அவருக்கு. கண் செருகிக்கொண்டிருந்தபோது, என் பேரா அப்பா என்று கேட்க வாயெடுத்தேன். இல்லை என்று ஆட்டிவிட்டால்? "கொஞ்ச நேரம் படுங்கப்பா" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன்.