ராஜநாகத்துக்கு மருந்து

அக்காவின் கணவருக்குத் திருவேற்காட்டில் ரோட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் இருந்தது. கோயிலுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து, அதில் ஒரு ஓலைக் கொட்டகை போட்டுப் பாம்புக் காட்சி தொடங்கினார். எண்பதுகளின் கடைசி அது. நான் விலங்கியல் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, ஆவடியில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா பாப்பா, ஊட்லயே குந்திகினு கீறே? வந்து பாம்புங்கள பாத்துக்கோயேன். நீ படிச்சது வேற எதுக்கு ஆவப் போவுது?" என்றார் மாமா.

போனேன். நல்ல பாம்பு, சாரை, விரியன் எல்லாம் எனக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டன. பிறகுதான் அவர் அந்த ராஜநாகத்தைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு அடி. கர்நாடகப் பக்கத்து மலையிலிருந்து வந்தது என்றார். அனுமதியெல்லாம் வாங்கியாச்சு என்றும் சொன்னார். நான் காகிதத்தைக் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் கேட்டேன். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து ராஜநாகத்துக்குச் சரிப்படாது. அதற்கான மருந்து பாங்காக்கில்தான் கிடைக்கும். "அது வந்தால்தான் நான் கூண்டுக்குள் கை வைப்பேன் மாமா" என்றேன். அக்காவும் பக்கத்தில்தான் நின்றாள்.

ஆறு வாரம் கழித்து மாமா என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குள் கூப்பிட்டு, ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். பால் பாத்திரத்துக்குப் பின்னால், புரியாத எழுத்து அச்சடித்த வெள்ளைப் பெட்டி. சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "ஹார்பர்ல நம்மாளு ஒருத்தன் கீறான், அவன் மூலமா வந்திச்சு. தொறக்காத, ஜில்லு போயிடும்" என்றார். எனக்கு அவர் மேல் அன்று வந்த மரியாதையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அதன்பின் ஒன்றரை வருடம் அந்தப் பாம்போடு இருந்தேன். முரட்டுப் பாம்பு என்று எல்லோரும் நினைப்பார்கள். என் அனுபவத்தில் அதைவிட நிதானமான பாம்பு இல்லை. நல்ல பாம்பு ஒன்றுமில்லாததற்கெல்லாம் சீறும். இது முதலில் தலையைத் தூக்கி யார் என்று பார்க்கும். என் இடுப்பு உயரத்துக்கு எழுந்து, நேராகக் கண்ணைப் பார்த்து, வேண்டாம் என்று தோன்றினால் தானே இறங்கிவிடும். கோபம் வந்தால் நாய் அடித்தொண்டையில் உறுமுவதுபோல ஒரு சத்தம். சாரைப் பாம்பைத் தவிர வேறு எதையும் தின்னாது. ஜனங்கள் கண்ணாடியைத் தட்டும் நாட்களில் மட்டும் மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். நான் மஞ்சள் மருந்து தடவுவேன்.

"உன்னை ஒண்ணும் பண்ணாதுடி அது" என்பாள் அக்கா. நான் அப்படி நினைத்ததே இல்லை. என் தைரியம் ஃபிரிட்ஜில் இருந்தது.

ஒரு ஆடி மாதம் பாம்பு தோல் உரிக்கத் தயாரானது. அந்த நாட்களில் அதன் கண் பால் விழுந்ததுபோல மங்கிவிடும். சரியாகத் தெரியாததால் எதைக் கண்டாலும் மிரளும். ஒரு வாரம் திரை போட்டு மூடிவைக்கச் சொன்னேன். மாமா தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது திரை இல்லை. கொட்டகை நிறையக் கூட்டம், கண்ணாடியில் குழந்தைகளின் கைகள். கூண்டில் தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. பாம்பைக் கூண்டின் உள்ளறையில் தள்ளித் தடுப்பைப் போட்டாச்சு என்றார் மாமா. தடுப்பு முழுதாக இறங்காததை நான் கவனிக்கவில்லை. கூண்டுக்குள் போய், குனிந்து தொட்டியை நிமிர்த்தினேன். உறுமலும் அடியும் ஒன்றாக வந்தன.

மணிக்கட்டில் ஒரே ஒரு கீறல். ரத்தம் பொட்டு அளவு. கதவைச் சாத்திவிட்டு, "மாமா, மருந்து" என்றேன்.

அவர் நகரவில்லை. நானே கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அக்கா சமையலறையில் இருந்தாள். என் கையைப் பார்த்ததும் ஓடிப் போய் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டாள். திறப்பாள் என்று நினைத்தேன். அவள் அழத் தொடங்கினாள்.

"அதுல ஒண்ணும் இல்லடி."

"என்ன ஒண்ணும் இல்லை?"

"வெறும் பெட்டி. உனக்குக் காட்டத்தான் வாங்கினாரு."

பின்னால் வந்த மாமா, "சொல்லியிருந்தா நீ உள்ள போயிருப்பியா பாப்பா?" என்றார். கெஞ்சுகிற குரலில்தான் கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியில் என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பூந்தமல்லி சாலை முழுக்க நான் ஒவ்வொரு கடைப் பலகையாகப் படித்துக்கொண்டு வந்தேன். எழுத்து இரண்டாகத் தெரிந்தால், இமை கனத்தால், விஷம் ஏறுகிறது என்று அர்த்தம். நாக்கு குழறுகிறதா என்று பார்க்க அக்காவின் பெயரைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாயில் முதலில் வந்தது அதுதான்.

எழுத்து மாறவில்லை. பல் தோலை உரசியிருக்கிறது, விஷம் இறங்கவில்லை. மறுநாள் வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, "இறங்கியிருந்தா, மூச்சு நின்னா மெஷின் வைக்கிறதைத் தவிர எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்லைம்மா" என்றார் டாக்டர்.

அக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். "வாங்கிடறேன், வாங்கிடறேன்னுதான் சொல்லிட்டிருந்தாரு. அப்புறம் அதுவும் உன்கிட்ட நல்லாப் பழகிடுச்சு..."

"ஒன்றரை வருஷம் அக்கா. தினமும் எனக்குச் சோறு போட்டே."

அவள் கஞ்சியை ஆற்றத் தொடங்கினாள். அவளும் பயந்துதான் இருந்திருப்பாள், யாருக்குப் பயந்தாள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

வீடு திரும்பிய வாரமே வனத்துறைக்கு என் பெயரிலேயே கடிதம் எழுதினேன். ஜீப் வந்தது. அனுமதிக் காகிதம் என்று எதுவும் இல்லை. பாம்பைச் சாக்கில் கட்டி ஏற்றும்போது நான் கூட நின்று, கண்ணில் இன்னும் தோல் உரியவில்லை, மெதுவாகத் தூக்குங்கள் என்று சொன்னேன். மாமா கேஸுக்கு அலைந்தார். கொட்டகை பிரிக்கப்பட்டது.

அக்கா ஆவடிக்கு வந்து, அப்பாவுக்கு முன்னால் கேட்டாள். "கூடப் பொறந்தவளை இப்படிக் காட்டிக் கொடுத்துட்டியே, நல்லா இருப்பியா?"

நான் அவளுக்கு என்ன செய்தேன் என்று அவள் அந்தத் தெருவுக்கே சொல்லிவிட்டுப் போனாள். அவள் எனக்குச் செய்ததை நான் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வழுக்கி விழுந்ததில் கை கீறிவிட்டது என்றே அவர் கடைசிவரை நம்பினார்.

நான்கு வருடம் கழித்து எனக்கு ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை கிடைத்தபோது அக்கா வந்தாள். குழந்தைகளைப் பற்றிப் பேசினோம். காபி போட்டுக் கொடுத்தேன், குடித்தாள். போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்து, "தழும்பே இல்லையேடி" என்றாள் சந்தோஷமாக. ஆமாம் என்றேன்.